சேவியர் அண்ணனும் கப்பல் சாசேஜும்

சேவியர் அண்ணன் போய்விட்டார். இன்று விடியற்காலை, தூக்கத்திலேயே. கண் விழித்து வாட்ஸ்அப்பைத் திறந்தால் அவர் போட்டோ, சுற்றிலும் மாலை...

ராயபுரம் குரூப்பில் எல்லோரும் ஆர்ஐபி போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நானும் போட வேண்டியவள்தான். ஆறு வருடம் அவரோடு ஒரே அடுப்படியில் நின்றவள். ஆனால் மனசு வரவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சர்ச்சுக்கு எதிரே நானும் அவரும் பார்ட்னராக ஒரு சாயங்காலக் கடை வைத்திருந்தோம். அங்கே கூட்டம் வந்தது ஒரே ஐட்டத்துக்குத்தான். கப்பல் சாசேஜ்.

அண்ணன் அதற்கு முன்னால் சரக்குக் கப்பலில் கிச்சன் ஹெல்பர். அங்கே பெரிய குக் ஸ்பெயின்காரர், அடுத்த குக் சீனாக்காரர். இரண்டு பேருக்கும் எதிலும் ஒத்துப்போகாதாம், சாசேஜும் வெங்காயமும் தவிர.

"ஸ்பெயின்காரன் பொக வாசனையா மொளகாத்தூள் வோணும்பான். சைனாக்காரன் சோயா சாஸ எடுத்துகினு வந்து நிப்பான். ரெண்டு பேரும் சண்ட போட்டுகினே செஞ்சது இது. நான் வெங்காயம் உரிச்சிகினே பாத்துகினு இருந்தேன்" என்பார்.

எங்கள் கடையில் வெங்காயம் என் வேலை. நீளமாக அரிந்து, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம். கருகவும் கூடாது, வெள்ளையாக நிற்கவும் கூடாது. பிறகு சாசேஜைத் துண்டு போட்டு, கரியில் சுட்டு இடித்த மிளகாய், பூண்டு, சோயா சாஸ்... தெருமுனை வரைக்கும் வாசனை போகும்.

இறக்குகிற நேரத்தில் மட்டும் தினமும் ஒரே வசனம். "ஸ்டெல்லா, நீ போய் பன் வாங்கினு வந்துடு. சூடா இருக்கணும். அடுப்ப நான் பாத்துக்கறேன்."

ஆறு வருடம் ஓடி ஓடி வாங்கினேன். பன் விஷயத்தில்கூட மனுஷனுக்கு என்ன அக்கறை என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். லூசு நான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கிறிஸ்துமஸுக்கு வீட்டிலேயே திராட்சை ஒயின் போடுவோம். நவம்பரிலேயே ஜாடியில் போட்டுத் துணி கட்டி வைத்துவிடுவது. தெருவில் எல்லோருக்கும் இனிப்பாக வரும். எனக்கு மட்டும் வருஷா வருஷம் புளித்துப்போகும். வந்தவர்களுக்கெல்லாம் என் மாமியார் கேக்கோடு சேர்த்து அந்தக் கதையையும் பரிமாறுவார்.

அண்ணனும் விடமாட்டார். "இன்னா ஸ்டெல்லா, இந்த வாட்டியும் புளிச்சிகிச்சா? கீழ ஊத்தாத, இங்க குடு. சிங்க் கழுவ ஆவும்."

பாட்டில் பாட்டிலாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் என் பெயர் எழுதி ஒட்டி...

ஒரு திங்கட்கிழமை அண்ணன் கடைக்கு வரவில்லை. போனும் எடுக்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்துகொண்டிருந்தேன். லாரி ஓட்டுகிற கஸ்டமர் ஒருவர்தான் சொன்னார். "அண்ணன் சாத்தாங்காட்டுல கடை போட்டுகினு கீறாரே, உனக்குத் தெரியாதா? அதே கப்பல் சாசேஜ்தான்."

முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நான் கடையை விடவில்லை. அதே வெங்காயம், அதே சோயா சாஸ். ஆனால் அந்த ருசி வரவில்லை. தித்திப்பும் எண்ணெயும்தான் வாயில் நின்றது. பழைய கஸ்டமர்கள் பாதித் தட்டிலேயே கை கழுவினார்கள். வெட்கத்தை விட்டு அவருக்குப் போன் போட்டேன். "இன்னாண்ணா, நான் எதுனா போடாம உட்டுட்டனா?"

"எல்லாம் உன் கண்ணு முன்னாடிதான செஞ்சேன்? உன் கைல அது இல்ல ஸ்டெல்லா. எல்லாருக்கும் வராது."

நம்பினேன். ஒயினும் வராத கை, சாசேஜும் வராத கை. நான்காவது மாதம் கடையை மூடினேன். ஒயின் போடுவதையும் அந்த வருடத்தோடு விட்டேன். இப்போது மாதவரத்தில் ஒரு கேன்டீனில் சமைக்கிறேன். யாராவது நன்றாக இருக்கிறது என்றால், சும்மா சொல்கிறார்கள் என்றுதான் இன்றைக்கும் தோன்றும்.

எல்லாம் இருந்தும் இன்று அவர் வீட்டுக்குப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை.

யாரோ டீ கேட்டார்கள். டம்ளர் எடுக்கச் சமையலறைக்குள் போனேன். அலமாரியில் சோயா சாஸுக்குப் பக்கத்தில் என் பாட்டில். என் கையெழுத்து. அடியில் நாலு விரல் உயரத்துக்கு என் புளித்த ஒயின்.

அவர் மனைவி பிலோமினா அக்கா பின்னாலேயே வந்தார். "பாத்துப் பாத்து வச்சிகினு இருந்தாரு ஸ்டெல்லா. எறக்கறப்போ ரெண்டு கரண்டி ஊத்துவாரே... கப்பல்ல அந்த ஸ்பெயின்காரனும் புளிச்ச ஒயின்தான் ஊத்துவானாம். கடைல எந்த வினிகர் வாங்கினாலும் உன்னுது மாதிரி வரலன்னு பொலம்புவாரு."

பிறகு என் முகத்தைப் பார்த்தார். "இன்னா... உனக்குத் தெரியாதா?"

டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஹாலில் அண்ணன், கையில் ஜெபமாலையோடு படுத்திருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கடையைப் பிய்த்துக்கொண்டு போனதைக்கூட விடுங்கள். ஊரே சிரித்த என் ஒயினை, நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அக்காவிடம் கேட்டு அந்தப் பாட்டிலை வாங்கிக்கொண்டேன். வழியில் சாசேஜ் வாங்கினேன். வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு வெங்காயம் அரிந்தேன். முக்கால் மணி நேரம். இறக்கும்போது இரண்டு கரண்டி.

அதே ருசி.

சேவியர் அண்ணா... நாளை நாலு மணிக்குக் கல்லறையில் ஒரு பிடி மண் போட வருவேன். வராது என்று சொன்னீர்களே, அந்தக் கையால்தான்.

போய் வாருங்கள்.