இடது பக்கத்து அடுப்பு

2005 மார்ச் 14 – 600 திர்ஹம்
2008 ஜூன் 1 – 850
2011 ஜனவரி 1 – 1,200
2014 செப்டம்பர் 1 – 1,750
2018 ஏப்ரல் 1 – 2,400
2020 மே 1 – 1,200
2021 ஜூலை 1 – 2,400
2023 பிப்ரவரி 1 – 3,200

இவை மாயாண்டியின் மாதச் சம்பளம் மாறிய தேதிகள். முதல் இரண்டும் ஷார்ஜாவில் இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்யும் கடையில். மற்றவை அஜ்மான் தொழிற்பேட்டையில், கீழக்கரைக்காரரான செய்கு முகம்மது நடத்தும் ஒர்க்‌ஷாப்பில். 2020இல் பாதியாகக் குறைந்தது நோய்க் காலத்தில் எல்லாருக்கும் குறைந்ததுதான். அதை அவர் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை.

இந்தப் பட்டியலில் அடுத்து அவருக்கு வேண்டியிருந்த எண் 4,000. மனைவியை விசாவில் அழைத்து வைத்துக்கொள்ள அந்தச் சம்பளம் வேண்டும். கம்பெனி குடும்ப வீடு கொடுத்தால் 3,000 போதும். மாயாண்டிக்குக் கம்பெனி கொடுத்திருந்தது ஆறு பேர் படுக்கும் ரூமில் ஜன்னலோரத்துக் கீழ்க்கட்டில். கட்டிலை வீடு என்று எந்த அலுவலகமும் ஏற்றுக்கொள்ளாது.

அவருக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டைக்கு மேற்கே பதினோரு கிலோமீட்டரில் உள்ள ஒரு கிராமம். கருப்பாயியைக் கட்டியது 2001 ஆவணியில். மறு வருஷம் மகள் உமாராணி பிறந்தாள். அவளுக்கு இரண்டே முக்கால் வயதாக இருந்தபோது விமானம் ஏறியவர், பத்தொன்பது வருஷத்தில் எட்டு முறை லீவில் போய் வந்தார். எட்டு லீவையும் கூட்டினால் 412 நாள். 2024 மே மாதம் உமாராணியைச் சிவகாசியில் கட்டிக்கொடுத்தார்கள். ஜூன் 9 அன்று அவரை வழியனுப்ப வந்த கருப்பாயி, மதுரை பஸ் புறப்படும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

“இனிமே எனக்குக் காவல் வீடு, வீட்டுக்குக் காவல் நானா? ஒரு வருஷம் பாப்பேன். ஒண்ணு, என்னைய அங்க கூப்பிட்டுக்கோங்க. இல்லையா, நீங்க இங்க வந்து சேருங்க. ரெண்டுக்கும் இல்லைன்னா எனக்குப் போன் போடாதீங்க.”

பக்கத்து சீட்டுக்காரர் சிரித்தார். கருப்பாயி சிரிக்கவில்லை. ஊருக்கே வந்து சேர்ந்தால் என்ன வேலை கிடைக்கும் என்பதும் மாயாண்டிக்குத் தெரியும். அங்கே மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்கள் கிடையாது.

மோட்டார் ஹோம் என்பது படுக்கை, குளியலறை, அடுப்பு எல்லாம் உள்ளே அமைந்த பஸ் அளவு வண்டி. அமெரிக்காவில் செய்து கப்பலில் வருகிறது. குளிர்காலம் வந்தால் இங்குள்ள குடும்பங்கள் அதை மணலுக்கு ஓட்டிக்கொண்டு போய் வாரக்கணக்கில் தங்குவார்கள். வண்டியின் இரு பக்கமும், சக்கரங்களுக்கு நடுவில், கதவு போட்ட ஆழமான அறைகள் இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் அதற்கு டிக்கி என்று பெயர். ஜெனரேட்டர், கம்பளம், கரி மூட்டை, தண்ணீர்க் கேன், அரிசி எல்லாம் அதில் போகும். உள்மூலையில் கிடக்கும் பொருளை எடுக்க ஆள் மண்டியிட்டு இடுப்புவரை உள்ளே நுழைய வேண்டும். அதற்காகத்தான் இழுப்புத் தட்டு. பெரிய மேசை டிராயரைப் போல, சேனல் என்கிற இரும்புத் தடத்தில் ஓடி முழுசாக வெளியே வரும்.

மாயாண்டி அதைச் செய்யத் தொடங்கியது 2016 அக்டோபரில். 2024 நவம்பர் வரை ஐம்பத்தேழு வண்டிகளுக்குப் போட்டிருந்தார். டிக்கியின் அகலத்தை அளக்கமாட்டார். கதவுச் சட்டத்துக்கு உள்ளே, ரப்பர் வரை அளப்பார். அறை அகலமாக இருந்து வாசல் குறுகலாக இருந்தால் தட்டு உள்ளேயே சிக்கிக்கொள்ளும் என்பதை முதல் வண்டியிலேயே கற்றுக்கொண்டிருந்தார். துளை போடுமுன் வண்டிக்கு அடியில் படுத்து, மேலே தொட்டியோ கேஸ் குழாயோ இல்லை என்று கையால் தடவிப் பார்ப்பார். முடித்தபின் தட்டை முழுசாக இழுத்து, பத்தொன்பது கிலோ தண்ணீர்க் கேன் பன்னிரண்டை ஏற்றி, ஐந்து நிமிடம் விட்டு, முனை எத்தனை மில்லிமீட்டர் தாழ்கிறது என்று பார்ப்பார். நான்குக்கு மேல் தாழ்ந்தால் கழற்றிவிடுவார்.

2024 நவம்பர் 4 அன்று அல் ஐனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. மோட்டார் ஹோம்களை வாடகைக்கு விடும் ஒரு கம்பெனி. பன்னிரண்டு வண்டி, ஒவ்வொன்றிலும் சாமான் தட்டு நான்கு, அடுப்பு பொருத்திய சமையல் தட்டு ஒன்று. முதல் வண்டியை மாதிரிக்கு முடித்துக் கொடுத்து, பிடித்தால் மீதிப் பதினொன்று.

“மீதி பதினொண்ணுக்கும் லெட்டர் வரட்டும் மாயாண்டி. வந்த அன்னிக்கே ஒன்னைய ஃபோர்மேன்னு போட்டு நாலாயிரத்துக்குக் காண்ட்ராக்ட் மாத்துறேன்” என்றார் செய்கு முகம்மது.

“வாயால சொல்றதா பாய், இல்ல எழுதித் தருவீங்களா?”

“பதிமூணு வருஷமா ஏங்கிட்ட இருக்க. இன்னும் நம்பிக்கை வரல பாரு.” சொல்லிக்கொண்டே எழுதியும் கொடுத்தார்.

சமையல் தட்டு மாயாண்டிக்குப் புதிது. அமெரிக்கக் கம்பெனியின் படப் புத்தகத்தைப் பார்த்துச் செய்தார். படத்தில் அது வலது பக்கம், ஏறும் கதவுக்கு அருகில், வெயில் மறைப்புத் துணி விரியும் இடத்தில் இருந்தது. அப்படியே வைத்தார். டிசம்பர் 12 அன்று வண்டி போயிற்று. கம்பெனி முதலாளி அதை வாடகைக்கு விடாமல், முதலில் தன் குடும்பத்தோடு மணலுக்கு எடுத்துப் போனார்.

2025 ஜனவரி 6 அன்று இரண்டாவது கடிதம். நான்கே வரி. சாமான் தட்டுகள் நன்று. சமையல் தட்டு பயன்படவில்லை. மீதிப் பதினொன்றை நிறுத்திவைக்கவும். நன்றி.

“பயன்படலைன்னா என்ன அர்த்தம் பாய்? சிக்குதா? லாக் விழலையா?”

“கேட்டேன்ப்பா. மாஃபி முஷ்கில், மாஃபி முஷ்கில்னே சொல்றார். ஒரு குறையும் இல்லையாம். ஆனா வேணாமாம்.”

“குறை இல்லாம எப்படி வேணாம்னு சொல்லுவாக?”

“அத நீ போய்க் கேளு.”

ஜனவரி 12, ஞாயிறு. ஒர்க்‌ஷாப் பிக்கப்பை எடுத்துக்கொண்டு மாயாண்டி போனார். முதலாளி போனில் அனுப்பியிருந்த இடக்குறியைப் பிடித்து அல் ஐனுக்கு இப்பால் ரோட்டை விட்டு மணலில் நான்கு கிலோமீட்டர். முற்பகல் பத்தரை மணி. மறைப்புத் துணியின் கீழே கம்பளம் விரித்து முதலாளியும் விருந்தாளிகளுமாகப் பதினைந்து ஆண்கள் சாய்ந்திருந்தார்கள். முதலாளி எழுந்து வந்து கைகொடுத்தார். கஹ்வா காப்பியும் பேரீச்சையும் கொடுக்கச் சொன்னார். “ட்ரே பஹுத் அச்சா ஹை, பாய்” என்று இந்தியில் தட்டைப் புகழ்ந்தார். சமையல் தட்டு பாதி இழுத்தபடி இருந்தது. அதன் மேல் வரிசையாகச் செருப்புகள்.

மாயாண்டி அனுமதி கேட்டுச் செருப்புகளை இறக்கிவைத்துவிட்டுத் தட்டை முழுசாக இழுத்தார், தள்ளினார், லாக்கைப் போட்டார், எடுத்தார். மணல் அடைக்கவில்லை. சேனல் எண்ணெய் காயவில்லை. “எல்லாம் சரியாத்தானே இருக்கு” என்று தனக்குள் சொல்வதாக நினைத்துச் சத்தமாகவே சொல்லிவிட்டார். வண்டியின் பின்பக்கச் சாமான் தட்டிலிருந்து அரிசி எடுத்துக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தார். ஐம்பது வயது இருக்கும். அந்த வீட்டில் பதினான்கு வருஷமாகச் சமைப்பவர், மட்டக்களப்புப் பக்கம். பெயர் சித்தி மரியம்.

“நீங்களா இதச் செஞ்ச ஆளு?”

“ஆமாக்கா. எதும் கோளாறா?”

“கோளாறு ஒண்டுமில்ல. நல்லா வழுக்கிட்டு வருது. செருப்பு வெக்கத் தோதா இரிக்கி.”

“அடுப்பு வைக்கத்தானக்கா அது செஞ்சது!”

“அடுப்பா? அல்லாஹ்! இத்தன ஆம்புளயள் குந்தியிருந்து கதைக்கிற எடத்துல நான் நிண்டு வெங்காயம் வதக்கவா? மேடமும் பொம்புளப் புள்ளயளும் அந்தப் பக்கம். சமையலும் அந்தப் பக்கம். ஆருட்ட கேட்டு இஞ்ச கொண்டாந்து வெச்ச?”

“படத்துல அப்படித்தான்கா இருந்துச்சு.”

“படத்துல ஆரு சமைக்கிற?”

மாயாண்டி யோசித்தார். அரைக்கால் சட்டை போட்ட ஒருவன், ஒரு கையில் கிளாஸோடு மீன் பொரித்துக்கொண்டிருந்தான். “ஒரு வெள்ளைக்காரன்.”

“அப்ப அவனக் கூட்டிட்டு வாங்க. இருவது பேருக்குச் சோறாக்கித் தரட்டும்.”

முதலாளி ஏன் காரணம் சொல்லவில்லை என்பது மாயாண்டிக்கு அப்போது புரிந்தது. தன் வீட்டுப் பெண்கள் எங்கே உட்காருகிறார்கள், எங்கே நடமாடுகிறார்கள் என்று ஒர்க்‌ஷாப் ஆளிடம் அவர் எப்படிப் பேசுவார்? ஐம்பத்தேழு வண்டிக்கு மேல் தட்டுப் போட்டவர் அதுவரை மணலில் ஒரு கூடாரத்தைக்கூட நேரில் பார்த்ததில்லை.

“அக்கா, பக்கம் மாத்தினாப் போதுமா?”

“ஒசரத்தப் பாருங்க. நிண்டு சமைச்சா முதுகு ஒடியும். குந்தியிருந்தா சட்டி மூக்குல முட்டும். நான் மணல்ல மூணு கல்லு வெச்சித்தான் ஆக்குறன்.”

“நீங்க உக்காருற ஸ்டூல் இருந்தா கொஞ்சம் கொண்டாந்து காட்டுங்களேன்.”

“என்னத்துக்கு? அதுக்கும் தட்டு பூட்டப் போறிங்களா?” என்றவர், ஸ்டூலோடு பெரிய சட்டியையும் அகப்பையையும் தூக்கிக்கொண்டு வந்தார். பெண்கள் பக்கம் மாயாண்டி எட்டிப் பார்க்கவில்லை. இருந்த இடத்திலேயே டேப்பைப் பிடித்தார். ஸ்டூல் 24 சென்டிமீட்டர். சட்டி வாய் 52, உயரம் 31. அகப்பை 60. டிக்கித் தரை மணலிலிருந்து 49. பேரீச்சை அட்டைப் பெட்டியின் மூடியில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் செய்கு முகம்மது மூடியை வாங்கிப் படித்துவிட்டு, “லெஃப்ட் சைடுலதானப்பா கக்கூஸ் பைப்பு திறக்குது? அங்கயா அடுப்பு வைப்ப?” என்றார்.

“பைப்பு பின்னாடி பாய். அடுப்ப முன் டிக்கில வைப்போம். நாலு மீட்டர் தள்ளி.”

“அதுல பேட்டரி இருக்கு.”

“பேட்டரிய வலது பக்கம் கொண்டு போறேன்.”

“செலவெல்லாம் நம்மளுது. அதுக்கப்புறமும் லெட்டர் வரலன்னா?”

“வரலன்னா நான் ஊருக்குப் போறேன். கருப்பாயி ரெண்டுல ஒண்ணுன்னு சொல்லிருக்கா.”

செய்கு முகம்மது மூடியைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, “வண்டியக் கொண்டாரச் சொல்றேன்” என்றார்.

வேலை ஜனவரி 15 முதல் 29 வரை நடந்தது. வெறும் தட்டாக இருந்தால் ஐந்து நாளில் முடிந்திருக்கும். இது வெளியே வந்தபின் இரண்டு கைகளில் மடங்கி, 21 சென்டிமீட்டர் கீழே இறங்கி நிற்க வேண்டும். முதல் முறை பன்னிரண்டு கேன் ஏற்றியதும் முனை 11 மில்லிமீட்டர் தாழ்ந்தது. கழற்றினார். நான்கு மில்லிமீட்டர் தகட்டுக்குப் பதில் ஆறு போட்டார். மறுபடி ஏற்றியபோது மூன்று. அதோடு விடவில்லை. 24 சென்டிமீட்டர் உயர ஸ்டூல் ஒன்று வாங்கி வந்து, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, வெறும் சட்டியை வைத்து அகப்பையால் கிண்டிப் பார்த்தார்.

“உப்பு பாத்தீங்களாண்ணே?” என்று பெயின்ட் அடிக்கும் மணிமாறன் கேட்டான்.

“ஒனக்கு இல்ல, போடா” என்று கிண்டிக்கொண்டே சொன்னார் மாயாண்டி. முழங்கை வண்டியின் கதவில் இடித்தது. கதவுக் கீலை எட்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்தார்.

ஜனவரி 30 அன்று வண்டி போயிற்று. முதலாளி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் போயிற்று. இரண்டாவது வாரமும் போயிற்று. ரமலான் தொடங்க இரண்டு வாரமே இருந்தது. அது தொடங்கிவிட்டால் புது ஆர்டர்கள் தள்ளிப்போகும். பெருநாள் கழிந்தால் வெயில் வந்துவிடும். பிறகு அடுத்த குளிருக்குத்தான். கருப்பாயி வைத்த கெடு ஜூன்.

பிப்ரவரி 16 அன்று கருப்பாயியிடம் பேசும்போது நடந்ததை எல்லாம் சொன்னார். ஸ்டூல் அளவையும் சொன்னார்.

“யாரோ ஒரு அக்காவுக்கு அடுப்பு எங்க வேணும்னு தேடிப் போய்க் கேட்டிருக்கீக. நம்ம வீட்டுல அடுப்பு எங்க இருக்கு, சொல்லுங்க பாப்போம்.”

“தெக்கு மூலையில.”

“அது உமா கல்யாணத்தப்ப. ஐப்பசி மழையில ஓடு ஒழுகுச்சுன்னு வாசப்பக்கம் மாத்தி நாலு மாசமாச்சு.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கல.” அடுத்து, “பாஸ்போர்ட்டு பீரோவுல சும்மா கிடக்கு. அந்த லெட்டரு வந்துருமா?” என்று கேட்டார்.

“தெரியல” என்றார் மாயாண்டி.

மூன்றாவது கடிதத்திலும் நான்கு வரிதான். சமையல் தட்டு ஒவ்வொரு நாளும் பயன்பட்டு வருகிறது. மீதிப் பதினொரு வண்டிகளுக்கும் இதே போல இடது பக்கம் வைக்கவும். அதே ஆள் செய்ய வேண்டும். நன்றி. செய்கு முகம்மது அதை இருமுறை படித்துவிட்டு, சொன்ன சொல்படி அன்று மாலைக்குள் ஃபோர்மேன், 4,000 என்று புதிய காண்ட்ராக்ட்டுக்கு விண்ணப்பம் போட்டார். மாயாண்டி ரூமுக்குப் போகும்வரை காத்திராமல் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றே ஊருக்குப் போன் செய்தார். கருப்பாயி முதலில் கேட்டது கடிதத்தின் தேதியை. மேலே அச்சடித்திருந்த தேதி பிப்ரவரி 18. அது அஜ்மானுக்கு வந்து சேர்ந்தது 2025 பிப்ரவரி 20, வியாழக்கிழமை.