மதலேனா செய்வித்த கிற்றார்

மதலேனாவின் அம்மா தவக்காலத்தின் நடுவில் இறந்துபோனார். அரிப்பு ஊர்க் கோயிலில் பூசை முடிந்து, சேமக்காலையில் மண் போட்டு, வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கலைந்த பிறகு, மதலேனா அம்மாவின் கட்டிலைக் கழற்றிப் பின்வளவில் சாத்தி வைத்தாள். விரிப்புகளை அவித்துத் துவைத்துக் கொடியில் போட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் அவளைப் பிடித்து இழுத்து வந்து கதிரையில் இருத்தினார்கள்.

"அழு பிள்ளை. அழுதால்தான் ஆறும்."

அவள் அழப் பார்த்தாள். வரவில்லை. பல்லுப் பிடுங்குவதற்கு ஊசி போட்ட கன்னம் போல இருந்தது. கன்னம் இருக்கிறது, தொட்டால் தெரிகிறது, ஆனால் அது தன்னுடையது இல்லை.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. கலியாணம் கட்டவில்லை. அம்மா பாரிசவாதத்தில் விழுந்து பத்து வருடத்துக்குக் கிட்ட. முதல் வருடமே மதலேனா கோயில் பாடகர் குழாமை விட்டுவிட்டாள். அதுவரை ஞாயிறு பூசைக்குக் கிற்றார் வாசித்தவள் அவள்தான். கிற்றாரும் கோயிலுடையதுதான், அதை உறையில் போட்டுச் சுவாமியாரிடம் திருப்பிக் கொடுத்தாள். வீட்டில் வைத்துப் பழகவும் வழியில்லை. நோய் வந்த பிறகு அம்மாவுக்குச் சத்தம் ஆகாது. சட்டி மூடி விழுந்தால்கூட உடம்பு தூக்கிப் போடும், வாய் கோணிக்கொண்டு போகும். காலையில் சிலாவத்துறை மருந்துக்கடையில் வேலை, அந்த நேரம் பார்த்துக்கொள்ள ஒரு பிள்ளை வந்துபோகும். மத்தியானம் வந்து குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, அம்மா கண்ணயரும்போது மதலேனா கட்டிலடியில் இருந்து கைத்தொலைபேசியைப் பார்ப்பாள், சத்தத்தை முழுவதும் குறைத்து வைத்துக்கொண்டு.

பார்த்தது எல்லாம் ஒரே வகை வீடியோதான். எங்கோ குளிர் நாட்டில் ஒரு கிழவர் கிற்றார் செய்வார். சாதாரணக் கிற்றார் இல்லை, ஆர்ச்ரொப் என்று பெயர். மேல்பலகை தட்டையாக இல்லாமல் ஆமை முதுகு போல மேடாக இருக்கும். தடித்த பலகையை உளியால் குடைந்து குடைந்தே அந்த வளைவைக் கொண்டுவருவார். நடுவில் வட்ட ஓட்டை கிடையாது, வயலினுக்கு இருப்பது போல இரண்டு பக்கமும் வளைந்த வெட்டு. மரச்சீவல்கள் சுருண்டு சுருண்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தால் மத்தியானம் போய்விடும். ஏன் பார்க்கிறோம் என்று அவள் யோசித்ததில்லை.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த அன்று ஜெர்மனியிலிருந்து தம்பி பெனடிக்ற் தொலைபேசி எடுத்தான். அவனால் செத்த வீட்டுக்கு வர முடியவில்லை. அந்த வெட்கத்தில் ஒவ்வொரு நாளும் எடுத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இனியாவது உங்களுக்கெண்டு ஏதாவது செய்யுங்கோ. என்ன வேணும் சொல்லுங்கோ, நான் பாக்கிறன்."

"ஒண்டும் வேண்டாமடா."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ. ஏதாவது ஒண்டு."

சொல்லாமல் அவன் வைக்கமாட்டான் என்று தெரிந்தது. "அப்ப ஒரு கிற்றார்," என்றாள். "ஆர்ச்ரொப்."

"அதென்னது?"

அவள் விளக்கினாள். எந்தப் பலகை, எப்படிக் குடைவது, எங்கே ஒட்டுவது என்று முழுக்கச் சொன்னாள். அவளே எதிர்பார்க்காத நீளத்துக்குப் பேச்சுப் போனது. பெனடிக்ற் பிடித்துக்கொண்டான். "உங்களுக்கு இவ்வளவு ஆசையா அக்கா!" என்றான். ஆசை என்று அவளுக்குள் எதுவும் இருக்கவில்லை. ஆனால் இல்லை என்று சொன்னால் மறுபடி முதலிலிருந்து தொடங்குவான்.

மன்னார் டவுனில் ஸப்ராஸ் என்று ஒருவன் கிற்றார் செய்கிறான் என்பதை முகநூலில் பார்த்திருந்தாள். ஒரு சனிக்கிழமை வங்காலைப் பக்கத்தால் போகும் பஸ்ஸில் ஏறி, பாலம் கடந்து போய் இறங்கினாள். வாசலில் படுத்திருந்த கழுதையைச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. உள்ளே பாதிக்கு மேல் குசினி அலுமாரிக் கதவுகள். அதுதான் அவனுடைய பிழைப்பு. முப்பத்தைந்து வயதிருக்கும், வாய் ஓயாத ஆள். கட்டாரில் ஒரு வாத்தியக் கடையில் பழுது பார்க்கும் வேலை செய்தவன். திரும்பி வந்து சாதாரணக் கிற்றார் கொஞ்சமும், ஆர்ச்ரொப் ஒரே ஒன்றும் செய்திருக்கிறான். அந்த ஒன்று கொழும்புக்குப் போய்விட்டது.

"மேல்பலகைக்கு வெளிநாட்டு ஸ்ப்றூஸ் மரம் என்னட்ட இருக்குக்கா. பின்பக்கத்துக்குப் பலா போடலாம், நல்ல காஞ்ச பலா. இப்ப கழுத்தைப் பாப்பம்." வெவ்வேறு தடிப்பில் மூன்று கழுத்துத் துண்டுகளை நீட்டினான். "பிடிச்சுப் பாருங்க. எது கைக்குச் சரியா இருக்கு?"

"எதெண்டாலும் சரி தம்பி."

"எதெண்டாலும் எண்டு ஒரு சாமான் இல்லக்கா. மெல்லிசு, நடுத்தரம், தடிச்சது. இவ்வளவுதான் இருக்கு."

அவள் பிடித்துப் பார்த்து நடுத்தரத்தைக் கொடுத்தாள். விரல்களுக்கு இடம் ஞாபகம் இருந்தது, அது அவளுக்குக் கொஞ்சம் ஆச்சரியமாக இருந்தது. அவ்வளவுதான்.

வைகாசி முழுவதும் ஸப்ராஸ் படம் அனுப்பினான். பலகை ஒட்டியது, குடைந்தது, வெட்டு வெட்டியது. ஒவ்வொரு படத்துக்கும் "நல்லது" என்று எழுதினாள். பிறகு உலோகச் சாமான்களைத் தெரிவு செய்ய நேரே வரவேண்டும் என்றான். படத்தில் பார்த்துச் சொல்லும் விசயம் இல்லையாம்.

மேசையில் ஒரு வெள்ளைத் துணியை விரித்து அவற்றை வைத்திருந்தான். முதலில் கீ, தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு. தங்க நிறத்தில் ஒரு கட்டு, வெள்ளி போல ஒன்று, கறுப்பு ஒன்று.

"ஆர்ச்ரொப்புக்குத் தங்கம்தான் ராசா, அக்கா. பாருங்க மினுக்கத்தை."

மதலேனா ஒன்றை எடுத்துப் பார்த்தாள். "அரிப்பில இது ரெண்டு கச்சான் காத்துக் காலம் தாங்காது, அவ்வளவு உப்பு. எங்கட கதவுப் பிணைச்சல் எல்லாம் பொடியாக் கொட்டுது."

"அதுவும் சரிதான். அப்ப கறுப்பு. உங்களுக்குப் பிடிச்சிருக்கா?"

"துருப் பிடிக்காதல்லோ?"

"துருப் பிடிக்காது. நான் கேட்டது உங்களுக்குப் பிடிக்குதா எண்டு."

அவள் அந்தக் கறுப்புத் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மருந்துக்கடைக்கு வருபவர்கள் "இந்தக் குளிசை நல்லதா?" என்று கேட்கும்போது பதில் சொல்வது போல, "இது காணும்," என்றாள்.

அடுத்தது தந்திகளின் வால் பக்கத்தை இழுத்துப் பிடிக்கும் பகுதி. ஸப்ராஸிடம் இரண்டு இருந்தன. பழைய கதிரைக் காலிலிருந்து அவனே செதுக்கிய கருங்காலித் துண்டு ஒன்று, பிணைச்சல் வைத்த உலோகத் தகடு ஒன்று. கருங்காலியின் சத்தம் எப்படி, உலோகத்தின் சத்தம் எப்படி என்று நெடுநேரம் சொன்னான். அவனுக்குக் கருங்காலியில்தான் மனம் என்று வெளிப்படையாகத் தெரிந்தது. மதலேனா பாதியிலேயே கேட்பதை விட்டுவிட்டாள். பேச்சு நின்றபோது அவனுடைய விரல் தகட்டின் மேல் இருந்தது.

"அது," என்றாள்.

"தகடா? யோசிச்சுத்தானே சொல்றீங்க?"

"ஓம்."

அவன் முகம் கொஞ்சம் விழுந்தது. "சரி. உங்கட காதுக்கு எது கேக்குதோ அதுதான். நீங்க ஆர்ச்ரொப் நிறையக் கேட்டிருப்பீங்க."

"இல்லைத் தம்பி. கேட்டதே இல்லை."

"விளங்கல்ல."

"பாத்திருக்கிறன். வீடியோவில. சத்தத்தை நிப்பாட்டிப்போட்டுத்தான் பாக்கிறனான். அம்மாவுக்குச் சத்தம் ஆகாது."

ஸப்ராஸ் அவளையே பார்த்தான். பிறகு, "அல்லாஹ்வே," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பாதி முடிந்த கிற்றாரைத் திரும்பிப் பார்த்தான். கைத்தொலைபேசியை எடுத்து யாரோ வாசித்த ஒன்றைப் போட்டுக் காட்டினான். மதலேனா தலையைச் சரித்துக் கேட்டாள். நினைத்ததைவிடச் சிறிய சத்தம். கோயில் கிற்றார் போல நீண்டு முழங்காமல், தட்டியதும் உடனே காய்ந்து போனது.

"பிடிக்கல்ல எண்டா இப்பவே சொல்லுங்க. பலகையை வேற ஆளுக்கு வைப்பன். உங்களுக்குத் தட்டைக் கிற்றார் ஒண்டு செஞ்சு தாறன்."

"வேண்டாம். இதையே செய்யுங்கோ."

பஸ்ஸில் திரும்பி வரும்போது, அவன் எதற்காக அப்படிப் பார்த்தான் என்று யோசிக்க முயன்றாள். வங்காலை தாண்டுவதற்குள் அதுவும் விட்டுப்போயிற்று.

ஆவணி மாதம் கிற்றார் முடிந்தது. போய் எடுத்துக்கொண்டு வந்தாள். கொண்டக்டர், "என்னக்கா, பாட்டுக் கச்சேரியோ?" என்று கேட்டுவிட்டு, கிற்றாருக்குத் தன் பக்கத்து இருக்கையைக் கொடுத்தான். வீட்டில் பெட்டியைத் திறந்தபோது வார்னிஷ் வாசனை எழும்பியது. தேன் நிற மேல்பலகை, பலாவின் மஞ்சள், அதில் கறுப்புத் திருகுகள். ஊர்ப் பிள்ளைகள் வந்து பார்த்தார்கள். சுவாமியார் வந்து தடவிப் பார்த்து, "நேர்த்தியான வேலை," என்றார். பெனடிக்ற் வீடியோவில் பார்த்துக் கண் கலங்கினான். மதலேனா எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள்.

பின்னேரங்களில் வாசித்தாள். பழைய பாட்டுகள் விரலில் இருந்தன, விரல் நுனிகள்தான் மெத்தென்று ஆகிவிட்டன. முதல் கிழமை நொந்தது. தோல் தடித்த பிறகு அந்த நோவும் போயிற்று. வாசிக்கும்போது ஏதாவது வரும் என்று பெனடிக்ற் எதிர்பார்த்தான், பக்கத்து வீட்டுக்காரர் எதிர்பார்த்தார்கள், அவளும் ஒரு மூலையில் எதிர்பார்த்தாளோ என்னவோ. ஒன்றும் வரவில்லை. சுருதி சரியாக இருந்தது, அவ்வளவுதான். அம்மாவின் கட்டில் கிடந்த இடத்தில் கதிரையைப் போட்டுத்தான் வாசித்தாள், அங்கேதான் வெளிச்சம்.

பிறகு அந்தச் சத்தம் தொடங்கியது.

தடித்த தந்தியில், கழுத்தின் மூன்றாவது கட்டையைப் பிடித்தால் மட்டும் அடியில் ஒரு 'ர்ர்ர்'. போத்தலுக்குள் ஈ மாட்டியது போல. முதல் நாள் பேசாமல் விட்டாள். இரண்டாம் நாளும் வந்தது. தகட்டை அமத்திப் பார்த்தாள், தந்திகளைத் தாங்கும் பாலக்கட்டையை அமத்திப் பார்த்தாள், முதுகில் காதை வைத்துத் தட்டினாள். ஒரு நேரம் நிற்கும், மறு நேரம் வரும். மருந்துக்கடையில் குளிசை எண்ணும்போதும் அது காதில் கேட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கிற்றாரை எடுத்து அந்தக் கட்டையைப் பிடிப்பாள். ர்ர்ர்.

ஸப்ராஸுக்கு எடுத்தாள்.

"கச்சான் காத்துக்கா. மரம் இன்னும் இருப்புக்கு வரல்ல. ஒரு மாசம் விடுங்க, தானாச் சரிவரும்."

"மரத்தில இல்லை. இரும்பில வருது."

"அப்ப அந்தத் தகடாத்தான் இருக்கும். நான் அப்பவே கருங்காலி எண்டு சொன்னனான். நீங்கதான் தகட்டைத் தெரிவு செஞ்சனீங்க."

"தெரியச் சொல்லித் தெரியச் சொல்லி என்ர உயிரை வாங்கினது ஆர்?" என்றாள் மதலேனா. குரல் கூடிக்கொண்டு போனது, அதை அவளால் பிடிக்க முடியவில்லை. "எதெண்டாலும் சரி எண்டு சொன்னன்தானே! அப்ப விடேல்லை. இப்ப என்ர பிழையா? கீ, தகடு, கழுத்து எண்டு நூறு கேள்வி கேட்டியள், இந்தச் சனியன் இரையுமெண்டு ஒருநாளும் சொல்லேல்லை! வந்து கேட்டுப்போட்டுக் கதையுங்கோ! நாளைக்கே வாங்கோ!"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு சத்தம் வந்து எத்தனையோ வருடம்.

மறுநாள் மத்தியானம் ஸப்ராஸ் மோட்டார்சைக்கிளில் வந்தான், தலையெல்லாம் புழுதி. வாசலிலேயே சண்டை தொடங்கியது. அவன் கிற்றாரை மடியில் வைத்து வாசித்தால் இரைச்சல் இல்லை. "பாத்தீங்களா?" என்றான். அவள் பறிக்காத குறையாக வாங்கி வாசித்தாள். ர்ர்ர். "பாத்தியளா?" என்றாள். அவன் தகட்டின் பிணைச்சலில் ஒரு துண்டு துணியைச் செருகினான். கொஞ்சம் குறைந்தது. "போயிட்டுது," என்றான். "போகேல்லை," என்றாள். பாலக்கட்டையைத் திருகினான். "இப்ப?" "இன்னும் இருக்கு." அவன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "உங்கட காதில இருக்கு," என்றான். அவன் மறுபடி தட்டியதும் அது இரைந்தது. அவளுக்கு வந்த கோபத்தில், திருகுகள் இருக்கும் கிற்றாரின் தலையை ஒரு பிடி பிடித்தாள். சத்தம் நின்றது.

கையை எடுத்தாள், வந்தது. ஒவ்வொரு திருகாக விரல் வைத்துப் பார்த்துக்கொண்டு போய் ஐந்தாவதில் நின்றாள். கறுப்புத் திருகை அடியில் இறுக்கிப் பிடிக்கும் சின்னச் சுரை இளகியிருந்தது. ஸப்ராஸ் மோட்டார்சைக்கிளின் கருவிப் பையிலிருந்து ஒரு குறடை எடுத்து அரைச் சுற்றுச் சுற்றினான்.

"நான்தான் இறுக்கல்ல," என்றான் கடைசியில். "என்ர பிழைதான்."

"ஓம், உங்கட பிழைதான்," என்றாள் அவள். வழக்கத்தில் பரவாயில்லைத் தம்பி என்று சொல்லக்கூடியவள்.

அவன் தண்ணி கேட்டுக் குடித்துவிட்டுப் போனான். அவள் கதிரையில் இருந்தாள். முகம் இன்னும் சுட்டது. இது என்ன என்று பெயர் தெரியாமல் கொஞ்ச நேரம் இருந்தாள். கோபம் என்று பிறகு விளங்கியது. அது ஆறுவதற்குப் பொழுது பட்டது. ஆறிய பிறகு மற்றது எல்லாம் முன்போலவே மரத்துத்தான் கிடந்தது.

அடுத்த கிழமை மீன்காரனோடு சண்டை பிடித்தாள், பழைய மீனைத் தந்துவிட்டான் என்று. ஞாயிற்றுக்கிழமை பெனடிக்ற் எடுத்தபோது, "ஒவ்வொரு நாளும் எடுக்காதை, எனக்கும் வேலை இருக்கு," என்றாள். அவன் திகைத்துப்போய், சரி அக்கா என்றான்.

திருநாளுக்குப் பாடகர் குழாம் கூப்பிட்டபோது போனாள். கோயிலுக்குள் ஆர்ச்ரொப்பின் சத்தம் போதவில்லை, பாட்டு அதை மூடிவிட்டது. அவளுக்கு அது குறையாகத் தெரியவில்லை. பூசை முடிந்து சேமக்காலைக்குப் போய் அம்மாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். காற்றில் அது நிற்கவில்லை, திரும்பத் திரும்பக் கொளுத்தினாள். அழுகை வரவில்லை. வருமென்று காத்திருப்பதை எப்போதோ விட்டிருந்தாள்.

மார்கழியில் ஸப்ராஸ் எடுத்தான். வவுனியாவில் ஒருவர் ஆர்ச்ரொப் கேட்டிருக்கிறாராம், வேலை முடியப்போகிறதாம். கொடுப்பதற்கு முன் அக்கா ஒருதரம் வந்து பார்க்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"நான் என்னத்தைப் பாக்கிறது? எனக்கு இதைப் பற்றி என்ன தெரியும்?"

"எங்க இரையுது எண்டு சொல்லுவீங்கதானே."

சனிக்கிழமை வருகிறேன் என்றாள்.

அன்று மழை. பஸ் முழுக்கச் சனம், நின்றுகொண்டே போனாள். ஸப்ராஸ் புதுக் கிற்றாரை அவளிடம் கொடுத்துவிட்டு எட்ட நின்றான். அவள் ஒவ்வொரு கட்டையாக அமத்திக்கொண்டு போனாள், முகத்தில் ஒன்றும் இல்லாமல். பிறகு கிற்றாரைக் கீழே வைத்து, "மூண்டாம் தந்தி சரியில்லை," என்றாள்.

"எங்கக்கா? எனக்குக் கேக்கல்லயே."

"கிட்ட வந்து கேளுங்கோ," என்று அவள் மறுபடி வாசித்துக் காட்டினாள்.