பிளாஸ்ரிக் கை

தொண்ணூறுகளின் கடைசியில், கனடாவின் ஸ்காபரோவில் கைவிடப்பட்ட நாய்களை வைத்திருக்கும் காப்பகமொன்றில் கூடு கழுவும் வேலை செய்தேன். எந்த நாயை வளர்க்கக் கொடுக்கலாம், எதை ஊசி போட்டுக் கொல்வது என்று சோதித்துத் தீர்மானிப்பவர் ஒரு யாழ்ப்பாணத்தவர். மெலிந்து உயர்ந்த மனிதர். எந்த நாய்க்கும் முதலில் புறங்கையை நீட்டி முகரக் கொடுத்துவிட்டுத்தான் கூட்டைத் திறப்பார். அவரை ஒரு நாயும் கடித்து நான் கண்டதில்லை.

ஒருநாள் விலா எலும்பு தெரிய ஒரு மண்ணிற நாய் வந்தது. அது சாப்பிடும்போது, கடிக்குமா என்று சோதிக்க, தடியில் கட்டிய பிளாஸ்ரிக் கையால் கோப்பையை மெல்ல இழுத்தார். நாய் அந்தக் கையைக் கவ்விக் குதறியது.

"பொல்லாத நாயோ அண்ணை?" என்று கேட்டேன்.

"இல்லை தங்கச்சி. பட்டினி கிடந்திருக்கு. சாப்பாட்டைப் பறிக்கப் போறாங்கள் எண்டு பயப்படுது."

"வயிறு நிறையக் குடுத்தா மாறாதோ?"

"மாறும். மூண்டு மாசம் செல்லும். உதுக்கு இஞ்ச மூண்டு நாள்தான் இடம்."

கூட்டில் தொங்கிய அட்டையில் சிவப்புக் கோடு போட்டார். பிறகு அதன் காதுக்குப் பின்னால் தடவிவிட்டு, ஊசி போடும் அறைக்கு அவரே நடத்திக்கொண்டு போனார். நாய் வாலை ஆட்டியபடி கூடவே போனது.

"ஏன் அண்ணை வாலாட்டுது?" தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"என்னை நம்புது," என்றார், திரும்பிப் பார்க்காமலே.

அடுத்த கிழமை நான் வேலையை விட்டேன். அந்தக் கட்டடத்தில் அந்த நாயைச் சரியாக விளங்கிக்கொண்டவர் அவர் ஒருவர்தான். அதனாலேயே அவரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.