குங்குமம் வைத்த சவரக்கத்தி

விஜயதசமி அன்று காலை ஏழரை மணிக்கு என் வேலை போய்விட்டது. யாரும் போகச் சொல்லவில்லை. நானே முடிவு செய்துகொண்டேன். அந்த வயதில் எனக்குக் கத்தி தீட்டத் தெரிந்ததைவிடப் பதறத் தெரிந்தது அதிகம்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்குப் போகிற வழியில் சுடலைமுத்து அண்ணாச்சியின் சலூன். திருநெல்வேலிக்காரர். நான் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. பம்பாய் மழைக்காலத்தில் சுவருக்கே வேர்க்கும், கத்தி எம்மாத்திரம்? அண்ணாச்சி துருவை எலி, கரப்பான் மாதிரி உயிருள்ள எதிரியாகவே நினைத்தார். ஒவ்வொரு சவரம் முடிந்ததும் அலகைத் துடைக்க வேண்டும். அலகு பிடிக்குள் மடங்குகிற சந்துக்குள் துணி நுனியை விட்டு ஈரத்தை எடுக்க வேண்டும். பிறகு தோல் வாரில் நாலு இழுப்பு. கடை மூடும்போது தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

கடையில் ஒரு கத்தி மட்டும் எங்களுடையது இல்லை. மாட்டுங்கா சாருடையது. டிராம்பே பக்கம் ஏதோ சோதனைக்கூடத்தில் உலோகங்களோடு வேலை. ஸ்டாஃப் பஸ்ஸில் போய்வருவார். அடுத்தவர் கத்தி பட்டால் அவர் முகம் தடித்துவிடும். அதனால் சொந்தமாக ஒரு ஜெர்மன் கத்தி வாங்கி எங்களிடமே கொடுத்து வைத்திருந்தார்.

அதை என்னிடம் காட்டி அண்ணாச்சி முதல் நாளே சொல்லியிருந்தார்: "ஏலே பரமு, இது நம்பிக் குடுத்த பொருளு. இதுல ஒரு பொட்டுத் துருவப் பாத்தேன், நீ ஊருக்கு ரயிலேறிரணும். பாத்துக்க."

1. பூசையில் என் கைவண்ணம்

ஆயுத பூசை அன்று அண்ணாச்சி எல்லாக் கத்திகளையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சிவப்புத் துணியில் வரிசையாக விரித்து வைத்தார். பிறகு "சந்தனம் குங்குமம் வச்சிரு, பொரி வாங்கிட்டு வந்துருதேன்" என்று கிளம்பிவிட்டார்.

பொட்டைப் பிடியில் வைப்பதுதான் வழக்கம். எனக்குப் பக்தி மிஞ்சிப்போய் அலகிலேயே வைத்தேன். அதுவும் சாருடைய கத்திக்கு மூன்று பொட்டு, கோயில் தேர் மாதிரி. அண்ணாச்சி திரும்பி வந்தபோது மேலே பூவை அள்ளிப் போட்டு மூடியிருந்தேன். அவர் கண்ணில் படவில்லை. சூடம் காட்டினோம். மறுநாள் காலை மறுபூசை முடிகிறவரை ஆயுதத்தைத் தொடக் கூடாது.

2. எலுமிச்சம்பழம்

காலையில் கடையைத் திறந்தது நான். பூவை விலக்கினேன். வட்டமாக வைத்த பொட்டுகளைக் காணோம். அந்த இடத்தில் செம்பழுப்பாக ஏதோ ஒழுகி அலகின் பாதியை மூடியிருந்தது. துரு! ஒரே ராத்திரியில்!

ஒன்பது மணிக்கு சார் வருவார். அன்று அவர் மகனுக்கு நிச்சயதார்த்தம். அண்ணாச்சி அதற்கு முன்பே வந்துவிடுவார். பூசை முடியாமல் தொடக் கூடாதுதான். "தாயே, இது அவசரம்" என்று சரஸ்வதியிடம் அனுமதி கேட்டேன். அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

பித்தளைச் செம்பு எலுமிச்சையும் சாம்பலும் போட்டால் பளபளக்கும், கத்தியும் பளபளக்காதா? பூசைக்கு வைத்த எலுமிச்சம்பழத்தை அறுத்து, ஊதுபத்திச் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தேன். பழுப்பு போயிற்று. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அலகு மெல்லக் கறுக்க ஆரம்பித்தது. இன்னும் தேய்த்தேன். இன்னும் கறுத்தது. கடைசியில் அடிப்பிடித்த தோசைக்கல் நிறத்துக்கு வந்து நின்றது.

அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வந்தார். என் கையில் கத்தி, காலடியில் பிழிந்த எலுமிச்சை, கண்ணில் தண்ணீர். நடந்ததைச் சொன்னேன்.

அவர் அதே மாதிரி பழுப்பேறிக் கிடந்த இன்னொரு கத்தியை எடுத்துக் காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தார். அலகு கண்ணாடியாக மின்னியது.

"எலே மூதி, அது துரு இல்லலே! நீ வச்ச குங்குமம்! எண்ணெயில ஊறி வழிஞ்சிருக்கு!"

"அப்ப சார் கத்தி, அண்ணாச்சி?"

"அதுவும் நல்லாத்தான் இருந்திச்சி. நீதான் எண்ணெய எடுத்துட்டுப் புளிப்ப ஊத்தி ஊறுகா போட்டுட்ட."

3. சார் வந்தார்

அண்ணாச்சி கத்தியைத் தண்ணீரில் அலசித் துடைத்தார். கறுப்பு போகவில்லை. வாசலில் சாருடைய குடை தெரிந்தது.

"நீயே சொல்லு. நான் சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணாச்சி.

சொன்னேன். சரஸ்வதியிடம் அனுமதி வாங்கியதையும் விடாமல் சொன்னேன். சார் கத்தியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார், நகத்தால் சுரண்டினார். எனக்கு ஊர் ரயில் புறப்படுகிற வி.டி. ஸ்டேஷன் பிளாட்பாரம் தெளிவாகத் தெரிந்தது.

"ஏம்ப்பா, இதுக்கா அழறே?" என்றார். "துருன்னா செவப்பாப் பொரிஞ்சு வரும், இரும்பைத் தின்னும். இது மேலே படிஞ்ச கறை. அதும்பாட்டுக்கு இருந்துட்டுப் போறது. கூர் எப்படி இருக்குன்னு மட்டும் பாருங்கோ."

கூர் மழுங்கியிருந்தது. அண்ணாச்சி கல்லில் தண்ணீர் விட்டுத் தீட்டினார், வாரில் இழுத்தார். பிறகு என்னிடம் நீட்டினார்: "மொதல்ல ஒன் கன்னத்துல."

நுரை போட்டு என் கன்னத்தில் பாதியைச் சிரைத்தேன். கத்தி வழுக்கிக்கொண்டு போயிற்று. ஒரு கீறல் இல்லை. அண்ணாச்சி அலகைக் கழுவி, டெட்டால் தண்ணீரில் முக்கித் துடைத்து, வேலையைத் தானே தொடங்கப் போனார்.

சார் தடுத்தார். "இவனே பண்ணட்டும். இன்னிக்கு எந்தக் காரணத்தைக் கொண்டும் இவன் அவசரப்பட மாட்டான்."

இருபது நிமிடம் எடுத்தேன். முடித்ததும் சார் தாடையைத் தடவிப் பார்த்து, "அண்ணாச்சி, இவனை ஊருக்கெல்லாம் அனுப்பிடாதீங்கோ. அடுத்த வருஷம் குங்குமத்தை மட்டும் கையில குடுக்காதீங்கோ" என்றார். அண்ணாச்சி சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பாதிக் கன்னம் சிரைத்து, பாதி நுரை காய்ந்து, நானும் சிரித்தேன்.

அந்தக் கறுப்பை எடுக்க வேண்டாம் என்று சார் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு எப்போது வந்தாலும், "எங்கே என் ஊறுகாய்க் கத்தி?" என்றுதான் கேட்பார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஈரத்தைச் சந்துவரை துடையுங்கள், எண்ணெயை மறக்காதீர்கள், படிகாரத்தையும் புளிப்பையும் அலகின் பக்கம் விடாதீர்கள், பொட்டு பிடிக்கு மட்டும். அலகில் சிவப்பாக ஏதாவது தெரிந்தால், காய்ந்த துணியால் ஒரு தடவை துடைத்துப் பாருங்கள். பதறுவதாக இருந்தால் அதற்குப் பிறகு பதறலாம்.