மடங்காத காலுக்கு ஒரு கார்

கார் வாங்குகிறவர்கள் எஞ்சினைப் பார்ப்பார்கள், பெட்ரோல் எவ்வளவு குடிக்கும் என்று கேட்பார்கள். மருதமுத்து அண்ணன் கதவை மட்டும்தான் பார்த்தார். அவருடைய இடது முழங்கால் மடங்காது.

மலேசியாவில் புலாவ் செபாங் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் வேலை பார்த்தவர். ஒருநாள் லாரி பள்ளத்தில் சாய்ந்தது. உயிர் தப்பியது, முழங்கால் தப்பவில்லை. அதற்குப் பிறகு அவரை பஸ்ஸில் ஏற்றுவது பெரும்பாடு. ஏறினாலும் நடக்கிற வழியில்தான் காலை நீட்டியாக வேண்டும். போகிறவன் வருகிறவன் எல்லாம் தடுக்கிவிட்டு முறைப்பான். அண்ணன் ரோஷக்காரர். பாச்சாங்கில் சொந்தத் தங்கை மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகாமல், காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு வீட்டிலேயே கிடந்தார். நான் அடுத்த வீடு. அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க மனம் தாங்கவில்லை.

மகள் தேவமலர் பத்து பெரண்டாம் என்ற ஊரில் தொழிற்சாலை வேலைக்குச் சேர்ந்தாள். லைசென்ஸும் எடுத்தாள். ஒருநாள் வந்து சொன்னாள்: "அப்பா, காடி எடுக்கப் போறேன். ஒங்களால உக்கார முடியிற காடியாப் பார்த்து எடுப்போம்."

தொண்ணூற்றாறாம் வருஷம். தொழிற்சாலைச் சம்பளக்காரர்களும் ஆசைப்படும்படி புரோட்டோன் கார்கள் வரிசையாக நின்ற காலம். ஈஸ்வரா, வீரா, வீராவிலேயே சின்ன எஞ்சின், பெரிய எஞ்சின். காய்கறி வேனின் பின்பக்கத்தில் அண்ணனைக் காலை நீட்டி உட்காரவைத்து மலாக்காவுக்குக் கூட்டிப் போனோம். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒரே தகுதியில் நானும் ஆலோசகனாகப் போனேன்.

"அங்கிள், ச்சுபா டுடோக்" என்று மலாயில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லி, கடையிலிருந்த சீன இளைஞர் ஈஸ்வராவின் முன்கதவைத் திறந்தார். அண்ணன் முதலில் உட்கார்ந்தார். வலது காலை உள்ளே வைத்தார். இடது காலை இரண்டு கைகளாலும் தூக்கித் திருப்பினார். பாதம் கதவோரத்தில் இடித்தது.

"காடி மேல குத்தம் இல்ல லா. என் காலுதான் அடங்காப்பிடாரி" என்று சிரித்தார்.

அடுத்தது வீரா. இளைஞர் இருக்கையைப் பின்னால் தள்ளிக் கொடுத்தார். கால் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது! கதவை மூடினார்கள். அண்ணன் இறங்கவே மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தார், கல்யாண மாப்பிள்ளை தோற்றார். பெரிய எஞ்சின் மேட்டில் எப்படி இழுக்கும் என்று நான் அளந்துகொண்டிருந்தேன்.

"எஞ்சினப் பத்தி நீ பேசு தம்பி. காலுக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்.

சின்ன எஞ்சின் வீராவே முடிவாயிற்று. திரும்பும் வழியெல்லாம் அவருக்கு ஒரே பேச்சுதான். "மொதல்ல பாச்சாங் போவணும். தங்கச்சிகிட்ட நேர்ல மன்னிப்புக் கேக்கணும்."

ஜூலைக் கடைசியில் கார் தயார் என்று கடையிலிருந்து போன் வந்தது. எதிர்வீட்டு சுப்பம்மா அக்கா சும்மா இருப்பாரா? "மொதக் காடி. ஆடி மாசத்துல வீட்டுக்குக் கொண்டாரலாமா, ஜெயமணி?" என்று அண்ணன் மனைவியைக் கலவரப்படுத்திவிட்டார்.

"ஆடிக்காத்து அடிக்காத ஊர்ல ஏது லா ஆடி?" என்று அண்ணன் சீறினார். ஆனால் ஜெயமணி அக்கா முகத்தைப் பார்த்ததும் இறங்கி வந்தார். "சரி, ஆவணியில எடுப்போம். இத்தன வருசம் உக்காந்துட்டேன், இன்னும் கொஞ்ச நாள்தானே."

கடையில் மறுபேச்சில்லாமல் தேதியைத் தள்ளிவைத்தார்கள். நம்மவர்கள் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்களாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பசியாறிவிட்டு எழுந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். தேவமலர் வீட்டில்தான் இருந்தாள். பக்கத்து ஊரான தம்பினிலிருந்து டாக்சி வந்தது. பின்சீட்டில் படுக்கவைத்தால் கால் வெளியே நின்றது. முன்சீட்டில் உட்காரவைத்தால் சீட்டு பின்னால் நகரவில்லை. இந்தப் பக்கம் இழுத்தோம், அந்தப் பக்கம் தள்ளினோம். நெஞ்சுவலிக்காரர் "காலு, காலு" என்று கத்தினார். அந்தச் சத்தம் இன்னும் என்னை விடவில்லை. கடைசியில் தோட்டத்துக் குலை லாரியில் மெத்தையைப் போட்டுத்தான் ஏற்றினோம். தேவமலர் மடியில் தலை. தம்பின் ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போது உயிர் இல்லை.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருந்தா..." என்று தொடங்கிய டாக்டர், தேவமலரைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கருமாதி முடிந்தது. ஆவணி பிறந்தது. கொடுத்த வாக்குக்காக தேவமலர் போய்க் காரை எடுத்து வந்தாள். மாலை இல்லை, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் இல்லை. வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சுப்பம்மா அக்கா வந்து காரைத் தடவிப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனதில் வஞ்சம் இல்லாதவர், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"நல்ல வேள ஜெயமணி, ஆடியில எடுக்கல. எடுத்திருந்தா இந்தக் காடிதான் அவரக் காவு வாங்கிருச்சுன்னு ஊரே பேசியிருக்கும்."

ஜெயமணி அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பேசட்டுமே அக்கா. அவரும் பக்கத்துல உக்காந்து கேட்டிருப்பாரு."