படகு மந்திரிப்புக்கு ஒரு கிரேக்க வாசகம்

கிரேக்கம் படிக்க டெல்லிக்குப் போனவள் அந்தமானில் எங்கள் ஜங்லிகாட்டில் நான் ஒருத்திதான். இன்னொருத்தி வரவே மாட்டாள் என்று என் தாய்மாமா எழுதியே கொடுப்பார். அப்பா இல்லாத வீடு, மாமா வைத்ததுதான் சட்டம். முதல் வருடம் முடிந்து விடுமுறைக்குக் கப்பலில் வந்து இறங்கிய அன்றே ஆரம்பித்துவிட்டார்.

"கிரீக் படிச்சு க்யா கரேகா? ஹேடோவுல ஷிப்பிங் ஆபீஸ்ல ஆள் எடுக்காங்க. மெயின்லேண்ட் போனது போதும் பிள்ள."

அம்மா மார்க்கெட்டில் மீன் விற்பவள். ஒரு விலை சொன்னால் லேசில் இறங்க மாட்டாள். "நம்ம வேதத்துல புதிய ஏற்பாடு மொதமொதல்ல எழுதுனதே கிரீக்லதான்னு சாமியாரே சொல்லிருக்காரு. உன் புது டிங்கிப் படக மந்திரிக்கயில பிள்ள அத வாசிக்கட்டும். கேட்டுட்டு நீயே சொல்லு, இவ படிக்கணுமா வேண்டாமான்னு."

மாமா ஒத்துக்கொண்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

ஒரு வருடத்தில் நான் கற்றது இவ்வளவுதான்: பழைய கிரேக்கத்தில் வினைச்சொல் அட்டவணைகளை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன். இன்றைய கிரேக்கத்தில் கடைத்தெரு வரைக்கும் போய் வருவேன். தத்துவமும் நாடகமும் மேல்வகுப்புக்காரர்களின் சொத்து. வேத வாசகத்தைப் போனில் எடுத்து, எழுத்துக்கூட்டி ஒப்பேற்றிவிடலாம் என்று இருந்தேன்.

மந்திரிப்பு அன்று காலையிலிருந்தே மழை. படகுத்துறையில் டிங்கிக்கு மாலை போட்டிருந்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார், வலை நிறைய மீன் விழுந்த பகுதியைத் தமிழில் வாசித்தார், பிறகு "இப்ப அதையே மூல மொழியில கேப்போம்" என்று என்னைப் பார்த்தார். நான் போனைப் பார்த்தேன். நெட் இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. முந்தின நாளே இறக்கி வைத்திருக்கலாம். அந்தப் புத்தி இருந்திருந்தால் நான் ஷிப்பிங் ஆபீசுக்கே போயிருப்பேன்.

மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வினைச்சொல் அட்டவணையா, கடைத்தெருவா? கண்ணை மூடினேன். நான்காம் பாடம், மீன் கடையில் ஓர் அம்மாள்.

"இந்த மீன் இன்று பிடித்ததா?" என்று வானத்தைப் பார்த்துக் கிரேக்கத்தில் கேட்டேன். "அடேயப்பா, இவ்வளவு விலையா?" என்று இரண்டு கைகளையும் விரித்தேன். கடைக்காரி விலை சொல்லும் வரிகளையும் நானே சொன்னேன், அங்கே மட்டும் வாய் குழறியது. கிரேக்கத்திலும் கிலோவுக்குக் கிலோதான் என்பதால் அந்த இடம் வரும்போதெல்லாம் இருமினேன். "தலையை வெட்டி, சுத்தம் செய்து தாருங்கள்" என்று நான் தழுதழுத்தபோது முன்னால் நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கடைசியில் என் கைச்சரக்காக ஓர் ஆமென் சேர்த்தேன். சாமியாருக்குக் கிரேக்கம் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் கடவுள் என் பக்கம் இருந்தார்.

மாமா கண்ணைத் துடைத்தார். "பக்கா! முழுசாப் படிக்கட்டும்க்கா. கப்பல் டிக்கெட்டுக்கு நானே போயி நிக்குதேன்."

என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. மாமாவை ஏமாற்றியதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. எனக்காக வாதாடினவளை அல்லவா ஏமாற்றிவிட்டேன்! மத்தியானச் சாப்பாடு முடிந்து எல்லோரும் போனபின், அம்மா பாத்திரம் தேய்க்கும் இடத்தில் போய் உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள்.

"எட்டி, அது என்ன மீனு?"

"எம்மா, உனக்கு எப்படி..."

"இருவது வருசமா பெங்காலி, தெலுங்கு, மலையாளம்னு எல்லாப் பேச்சுலயும் பேரம் கேட்டிருக்கேன். வெல கொறைக்கிற கொரல் எனக்குத் தெரியாதா?"

அழுதுவிட்டேன். பாவம் பண்ணிவிட்டேன், மாமாவிடம் சொல்லிவிடுகிறேன், டெல்லிக்கு இனி போகவில்லை என்று என்னென்னவோ சொன்னேன். அம்மா கடைசித் தட்டையும் கழுவிக் கவிழ்த்தாள்.

"மாமாகிட்ட நான் பேசிக்கிடுதேன். வாங்குறவ மாதிரி நீ நல்லாத்தான் பேசுன. விக்கிறவ பேசுற எடத்துலதான் வாய் கொளறுது. மீன்காரி மவ அதுல போயா திணறுவா? போ, போயி ஒழுங்காப் படிச்சிட்டு வா."