கோபமூட்டும் பல்செட்காரர்

செய்தி வந்தபோது பிற்பகல் மூன்று பத்து. பரமேஸ்வரன் ஓர் அம்மாளின் வாயில் புதுப் பல்செட்டை மாட்டி, இடையில் கடி பதியும் நீலத் தாளைச் செருகி, அவரை அவமானப்படுத்திக்கொண்டிருந்தார்.

"உங்க சாம்பாருக்குப் பயந்துதான் மருமக தனி வீடு போயிருச்சாமே, ஆன்டி?"

அம்மாள் பல்லை நறநறத்தார்.

"ஆ! அதான் கடி! அசையாதீங்க!"

பிரிக்பீல்ட்ஸ் மாடிக் கடையில் முப்பது வருடமாக இதுதான் முறை. "கடிங்கன்னா எல்லாரும் மரியாதைக்குக் கடிப்பாங்க, தாடை முன்னால வந்துரும். கோவம் வந்தாத்தான் அது சொந்த எடத்துக்குப் போகும் லா." நீலம் அழுத்தமாகப் படிந்த இடத்தை அரத்தால் தேய்ப்பார். பிறகு மன்னிப்புக் கேட்டு ஒரு முறுக்குக் கொடுப்பார். அதுவும் சோதனைதான்.

என் அப்பா ரெங்கசாமியிடம் மட்டும் அவர் தோற்றார். அப்பா ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர். "உங்க வண்டி என்னைக்குண்ணே நேரத்துக்கு வந்துச்சு?" என்று மூன்று முறை வரவழைத்துச் சீண்டினார். "உண்மதான் தம்பி," என்று அப்பா சிரித்தார். கடி பிடிபடவில்லை. அப்பா படுத்த படுக்கையாகிவிட்டதால், முடிந்தவரை போதும் என்று செட்டை வாங்க நான் போயிருந்தேன்.

போனில் தங்கை மாதவி அழுதாள். "அப்பா போயிட்டாருண்ணே. பல்லோட வா, வாய் இறுகுறதுக்குள்ள." பழைய செட் உடைந்தபின் இரண்டு மாதமாக, இந்தக் கடைக்கு வந்ததைத் தவிர, வாசலுக்குக்கூட வராதவர் அப்பா. நாளை ஊரே வந்து அந்த முகத்தைப் பார்க்கும்.

பரமேஸ்வரன் கடையைப் பூட்டிவிட்டு என் காரில் ஏறினார். கிள்ளான் வரை பல்செட் அவர் மடியில், தண்ணீர்க் கிண்ணத்தில் தளும்பியது.

பல் பொருந்தியதும் கன்னம் நிமிர்ந்தது. "அப்பா வந்துட்டாரு," என்றாள் மாதவி. நாங்கள் நிம்மதியடைந்தோம். பரமேஸ்வரன் அடையவில்லை. நீலத் தாளைச் செருகி, மோவாயை மேலே அழுத்தி, அப்பாவின் காதருகே குனிந்தார்.

"அண்ணே, ஒங்களுக்கு ரயிலே ஓட்டத் தெரியாது."

"அங்கிள்! யார்கிட்ட என்ன பேசுறீங்க? இனிமே அவரு என்னத்தச் சாப்பிடப் போறாரு?" மாதவி பல்லைக் கடித்தாள்.

"சாப்பிடலன்னா கடி தப்பா இருக்கலாமா லா?" அவள் தாடையையே பார்த்தார். "இந்தக் கோவத்த அப்பா ஒரு தடவ காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும்மா."

தாடையைக் கட்ட வெள்ளைத் துணியோடு ஆட்கள் வந்தார்கள். "அஞ்சு நிமிஷம், பாஸ்," என்றார். அவர்கள் தலையசைத்து மறுத்தார்கள். அவர் அரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முடிச்சு விழும்வரை துணியின் ஒரு முனையைப் பிடித்துக்கொடுத்தார்.

வலது கடைவாய்ப் பல் ஒன்று இன்னும் அரை மில்லிமீட்டர் உயரமாக இருந்தது.